கடல் விலகிப்போன துறைமுகத்தில் ஒரு நாள்

நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடற்கரை ஊரில் இறங்கினாலும் கடல் எந்தப் பக்கம் என்று முகம் தானாகத் திரும்பிவிடும். காற்றில் வரும் உப்பு வாடையையும் வானத்தின் வெளுப்பையும் வைத்தே திசையைச் சொல்லிவிடுவோம். சென்ற ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, மலேசியாவின் மலாக்கா நகரில் டச்சுச் சதுக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கியபோது நானும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன். செங்காவி நிறத்தில் பழைய கட்டடங்கள் தெரிந்தன. பாலத்துக்குக் கீழே ஆறு தெரிந்தது. மரங்களுக்கு மேலே சிறு குன்று ஒன்று தெரிந்தது. கடலை மட்டும் காணவில்லை.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். 1511ஆம் ஆண்டு போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார் என்ற ஒரு வரியைப் பல நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கைப்பற்றும் அளவுக்கு அங்கே என்ன இருந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. கிள்ளானில் வாழும் தங்கை மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோதுதான், கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்த ஊர் இருக்கிறது என்பது மனத்தில் உறைத்தது. "ஒரே நாளில் என்ன பார்ப்பீர்கள், பெரியம்மா? தங்கிவிட்டு வாருங்கள்" என்றாள் அவள். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை கூடும், நடக்க இடம் இருக்காது என்று அவளே சொன்னதால் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். கருக்கலில் எழுந்து, அவளுடைய மாமியார் வற்புறுத்தியபடி பசியாறிவிட்டு (காலைச் சாப்பாட்டுக்கு அங்குள்ள தமிழர்கள் சொல்லும் சொல் இது, எங்கள் பாட்டிக்குப் பிறகு நான் இதைக் கேட்டது மலேசியாவில்தான்), கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து முனையத்தில் வண்டி ஏறினேன். வழி நெடுகிலும் செம்பனைத் தோட்டங்கள். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

மலாக்கா என்பது நெல்லி மரத்துக்கு மலாய் மக்கள் வழங்கும் பெயர். 1400ஆம் ஆண்டை ஒட்டி, சிங்கப்பூரிலிருந்து துரத்தப்பட்டு வந்த பரமேஸ்வரா என்னும் அரசர் இந்த ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் இளைப்பாறினார் என்றும், அவருடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் எதிர்த்து உதைத்து ஆற்றில் தள்ளியதைக் கண்டு, எளிய உயிருக்கும் துணிவு தரும் மண் இது என்று வியந்து இங்கேயே ஊரை அமைத்தார் என்றும் கதை சொல்கிறார்கள். அது என்ன மரம் என்று கேட்டபோது கிடைத்த விடைதான் ஊருக்குப் பெயரானது. சருகுமான் இன்றும் மாநிலச் சின்னத்தில் நிற்கிறது. கதை எப்படியோ இருக்கட்டும், அந்த அரசர் தேர்ந்தெடுத்த இடத்தின் அருமை கதைக்குள் இல்லை, காற்றில் இருக்கிறது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்கிறோம். அதே ஆடி மாதத்தில் மலாக்கா ஆற்றங்கரையில் ஓர் இலை அசையவில்லை. ஒரு பக்கம் சுமத்ரா தீவும் மறுபக்கம் மலாய்த் தீபகற்பமும் சுவர் போல் நின்று மறைப்பதால் நீரிணையின் இந்தப் பகுதியில் பெருங்காற்று அடிப்பதில்லை. மேற்கிலிருந்து வரும் பாய்க்கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் இங்கே வந்து சேரும். சீனத்திலிருந்து வரும் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் வந்து சேரும். வந்த காற்றிலேயே திரும்பிப் போக முடியாது. எனவே காற்று மாறும் வரை மாதக் கணக்கில் அனைவரும் ஒரே ஊரில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் சோழமண்டலக் கரையின் துணி கைமாறியது, பண்டா தீவுகளின் சாதிக்காயும் மொலுக்காவின் கிராம்பும் கைமாறின, சீனப் பட்டும் பீங்கானும் கைமாறின. சரக்குகளை அடுக்கக் கிடங்குகள் எழுந்தன. சண்டையைத் தீர்க்கச் சட்டங்கள் வந்தன. தனியாக வந்தவர்களுக்குக் குடும்பங்கள் அமைந்தன. மலாக்கா சுல்தான்கள் நான்கு ஷாபந்தர்களை, அதாவது துறைமுக அதிகாரிகளை, அமர்த்தியிருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்காளத்தார், பர்மாவின் பெகுவினர், சுமத்ராவின் பாசாய் நாட்டார் ஆகியோருக்கு ஒருவர், சாவகம் முதலிய கீழைத் தீவினருக்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார், ரியூக்யூ தீவினருக்கு ஒருவர். போர்த்துகீசியர் ஊரைப் பிடித்த அடுத்த ஆண்டே இங்கு வந்து கணக்கெழுதிய தோமே பிரேஸ் என்பவர், இந்தத் துறையில் 84 மொழிகள் பேசப்படுவதாகக் குறித்து வைத்திருக்கிறார். என் பிள்ளைகள் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை இதுதான். அல்புகர்க் கைப்பற்றியது ஒரு கோட்டையை அல்ல. காற்றுக்காகக் காத்திருக்கும் ஓர் இடத்தை.

சதுக்கத்தில் ஸ்டாட்ஹய்ஸ் என்னும் ஆளுநர் மாளிகை 1650ஆம் ஆண்டளவில் டச்சுக்காரர்கள் கட்டியது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. சுற்றுலாப் படங்களில் எல்லாம் பளிச்சிடும் அந்தச் சிவப்பு டச்சுக்காரர்கள் பூசியதல்ல, அவர்கள் காலத்தில் வெள்ளையாக இருந்த கட்டடங்களுக்கு ஆங்கிலேயர் பின்னாளில் பூசிய நிறம் அது. சதுக்கத்தில் பூவால் அலங்கரித்த மிதிரிக்‌ஷாக்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. அவற்றைக் கடந்து கிறிஸ்து ஆலயத்துக்குள் போனேன். மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த நூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து டச்சுக்காரர்கள் 1741இல் தொடங்கி 1753இல் முடித்த ஆலயம் இது. தலைக்கு மேலே குறுக்கே ஓடும் ஒவ்வொரு உத்திரமும் ஒட்டுப்போடாமல் ஒரே மரத்தில் அறுத்தது. நீளம் சுமார் 48 அடி.

நான் அதிக நேரம் நின்றது தரையைப் பார்த்துத்தான். தரையில் பழைய கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஆர்மீனிய எழுத்தில் பொறித்த கல்லும் உண்டு. பாரசீகத்தில் பிறந்து, 1774ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் தம் 29ஆம் வயதில் இங்கே இறந்த யாக்கோபு என்னும் ஆர்மீனிய வணிகர், தம் கல்லைப் படிப்பவருக்கு வணக்கம் சொல்லி, என் நாட்டு மக்களுக்கு விடுதலை கிடைத்ததா, அந்தச் செய்தியை எனக்குச் சொல் என்று கேட்கிறார். சென்னையில் ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெருவை நம் மக்கள் அரண்மனைக்காரத் தெரு என்று ஆக்கிவிட்டார்கள். அந்தத் தெருவில் புத்தகம் வாங்கப் போன நாட்களில் எல்லாம், அந்தப் பெயருக்குப் பின்னால் நாடில்லாத ஒரு வணிகக் கூட்டம் இருந்ததை நான் எண்ணியதே இல்லை. மலாக்காவின் குளிர்ந்த தரையில் அந்தக் கேள்வியைப் படித்தபோது, ஆர்மீனியா இப்போது தனி நாடு ஐயா, 1991இல் விடுதலை பெற்றுவிட்டது என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆலயத்துக்குப் பின்புறம் படியேறினால் புனித பவுல் குன்று. உயரம் அதிகமில்லை என்றாலும் பத்து மணி வெயிலில் மூச்சு வாங்கியது. உச்சியில் கூரையில்லாமல் நிற்கும் சுவர்கள் 1521இல் துவார்த்தே கோயெல்யோ என்ற போர்த்துகீசியத் தளபதி எழுப்பிய மாதா கோயிலுடையவை. உள்ளே ஒரு குழியைக் கம்பி அடைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். புனித சவேரியாரின் உடலைச் சீனக் கரையிலிருந்து கொண்டுவந்து 1553இல் சில மாதங்கள் இந்த இடத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். அதன் பின்னர்தான் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணி செய்து, தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு நடந்த அதே சவேரியார்தான். கோட்டாற்றில் அவருக்கு எடுக்கும் பெருவிழாவுக்கு என் தோழி ஒருத்தியுடன் போயிருக்கிறேன். அங்கே மெழுகுவர்த்தி ஒளியில் கூட்டத்துக்கு நடுவே பார்த்தவரை இங்கே புல் முளைத்த சுவர்களுக்கு முன்னால் தனியாகப் பார்த்தேன். 1952இல் நிறுவிய அந்தச் சிலையின் வலக்கை ஒடிந்திருக்கிறது. சிலையைத் திறந்த மறுநாளே மரம் ஒன்று சாய்ந்து கையை ஒடித்துவிட்டது என்கிறார்கள். சவேரியாரின் உண்மையான உடலிலிருந்தும் வலக்கையை 1614இல் பிரித்து ரோமாபுரிக்கு அனுப்பியிருந்ததால், ஒடிந்ததை யாரும் ஒட்டவைக்கவில்லை போலும்.

குன்றின் மேலிருந்து ஒருவழியாகக் கடலைக் கண்டேன். ஆனால் அது இருந்த தொலைவு என்னைத் திடுக்கிட வைத்தது. பழைய ஓவியங்களில் இந்தக் குன்றின் அடிவாரத்தையே அலை தொடுகிறது. இப்போது அடிவாரத்துக்கும் நீருக்கும் நடுவே வணிக வளாகங்களும் விடுதிகளும் சாலைகளுமாக ஒரு புது நகரமே எழுந்து நிற்கிறது. ஆற்று வண்டல் ஓரளவு தூர்த்தது, மனிதர்கள் மண் கொட்டி நிரப்பியது அதைவிடப் பெரிது.

தென்புறப் படிகளில் இறங்கியதும் சந்தியாகு வாயில். போர்த்துகீசியரின் ஆ ஃபாமோசா கோட்டையில் எஞ்சியது இந்த ஒரு வாயில்தான். மேலே டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் பொறித்திருப்பதைக் கண்டு, கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் என்று எண்ணிவிடக்கூடும். அவர்கள் 1641இல் பிடித்த கோட்டையைப் பின்னர் செப்பனிட்டு முத்திரை வைத்தார்கள், அவ்வளவே. இந்த வாயிலின் கற்களைத் தொட்டுப் பார்த்தேன். அல்புகர்க் கோட்டை கட்டியபோது ஊரிலிருந்த மசூதிகளையும் சுல்தான்களின் கல்லறைகளையும் இடித்து அந்தக் கற்களையும் பயன்படுத்தினார். பின்னர் 1807இல், தங்கள் கைவசம் வந்திருந்த மலாக்காவை டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று எண்ணிய ஆங்கிலேயர், கோட்டை மீண்டும் அவர்களுக்குப் பயன்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். மக்களைப் பினாங்குக்குக் குடிபெயர்க்கும் திட்டமும் இருந்தது. அந்த நேரத்தில் உடல்நலம் தேறுவதற்காக இங்கு வந்திருந்த ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் மேலிடத்துக்கு எழுதியதால்தான் ஊர் தப்பியது, இந்த வாயிலும் தப்பியது. ஒருவர் கட்டியதை மற்றவர் இடிப்பதும், இடித்ததையே எடுத்துக் கட்டுவதுமாக இந்தக் கற்கள் பட்டபாட்டை நினைக்கும்போது, இன்று அவற்றில் சாய்ந்துகொண்டு படம் எடுக்கும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

வாயிலுக்கு எதிரே உள்ள பழைய மலாக்கா மன்றக் கட்டடம் இப்போது விடுதலை அறிவிப்பு நினைவகம். அப்போது மலாயாவின் முதலமைச்சராக இருந்த துங்கு அப்துல் ரகுமான் லண்டன் பேச்சுவார்த்தை முடிந்து திரும்பி, நாடு விடுதலை பெறப்போகும் நாளை 1956 பிப்ரவரி 20 அன்று இந்த ஊர்த் திடலில்தான் மக்களுக்கு அறிவித்தார். பறிபோன ஊரிலேயே திரும்பக் கிடைத்த செய்தியைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சற்றுத் தள்ளி, சுழலும் தாமிங் சாரி கோபுரத்துக்கு அருகில், மிட்டல்பர்க் கொத்தளம் இருக்கிறது. அந்தக் கோபுரத்துக்குக் கடைக்கால் தோண்டியபோது 2006இல் டச்சுக் காலக் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட, கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கொத்தளத்தைப் பழைய வடிவில் எழுப்பியிருக்கிறார்கள். கடலை நோக்கிப் பீரங்கி வைத்த இடம். இப்போது அந்தப் பீரங்கிகளுக்கு எதிரில் சாலைதான் இருக்கிறது.

பாலத்தைக் கடந்து மறுகரைக்குப் போய், செண்டோல் ஒரு கிண்ணம் வாங்கிக் கடைத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அரைத்த பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சை நிற மாவு இழைகள், அவற்றின் மேல் கூலா மலாக்கா என்னும் தென்னைப் பாகு. தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிய வெல்லம் அது. தென்னங்கருப்பட்டியின் வாசமேதான், புகை வாடை மட்டும் சற்றுக் கூடுதல்.

பிற்பகலில் போன பொற்கொல்லர் தெருவைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. ஜாலான் தூகாங் எமாஸ் என்பது மலாய்ப் பெயர். அதில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இருக்கிறது. தைவநாயகம் செட்டி என்ற சமூகத் தலைவரிடம் டச்சு அரசு கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த கோயில். மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. ஆண்டைப் பார்த்ததும் எனக்குள் ஒரு மணி அடித்தது. டச்சுக்காரர்கள் 1658இல் எங்கள் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து, 1690இல் பழவேற்காட்டிலிருந்த தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தை அங்கே மாற்றிக்கொண்டு, கடைசியில் ஆங்கிலேயரிடம் ஊரைப் பறிகொடுத்தது இதே 1781இல்தான். கடலின் ஒரு கரையில் ஆட்சி கை மாறிக்கொண்டிருந்த ஆண்டில், மறுகரையில் அதே டச்சுக்காரர் கொடுத்த மண்ணில் பிள்ளையாருக்குக் கோயில் எழுந்திருக்கிறது. கோயில் எளிமையானது. ஓட்டுக்கூரை, சிறு முன்மண்டபம், கருங்கல் விநாயகர். நான் போனபோது நடை சாத்தும் நேரம். குருக்கள் எனக்காகச் சற்றுப் பொறுத்து, "தமிழ்நாட்டில் எங்கேம்மா?" என்று கேட்டு, ஊர்ப் பெயரைச் சொன்னதும் சிரித்து, திருநீறு கொடுத்தார்.

அதே தெருவில் கொஞ்ச தூரத்தில் கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் மரத்தால் கட்டியதை 1872இல் செங்கல்லால் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். குவிமாடம் கிடையாது, மூன்றடுக்குக் கூம்புக் கூரை. மினாரைத் தூரத்திலிருந்து பார்த்தால் சீனத்துக் கோபுரம் போல் இருக்கிறது. தூண்கள் கிரேக்க முறையில், தரை ஓடுகள் ஐரோப்பாவிலிருந்து. கை கால் கழுவும் நீர்நிலையை மலாய் மொழியில் கோலம் என்கிறார்கள், நம் குளம்தான். கலிங்கத்திலிருந்து பிறந்த கிளிங் என்ற சொல்லை ஒரு காலத்தில் தென்னிந்தியர் அனைவருக்கும் பொதுவாக வழங்கினார்கள். இன்று மலேசியத் தமிழர்களின் காதில் அது வசைச் சொல்லாக விழுகிறது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அதன் பழைய பொருளோடு நிற்கிறது. இன்னும் சில அடி நடந்தால் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில். உள்ளே ஊதுவத்திப் புகைக்கு நடுவே கருணையின் தெய்வம் குவான் யின். கோயிலும் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இப்படி அடுத்தடுத்து நிற்பதை மத நல்லிணக்கத்துக்குக் காட்டாகச் சுற்றுலாத் துறையினர் சொல்கிறார்கள். அது சரிதான், ஆனால் அதற்கும் முன்னால் ஒரு காரணம் இருக்கிறது. காற்று மாறும் வரை சேர்ந்திருக்க வேண்டியவர்களுக்கு அண்டை வீட்டாரோடு பகைத்துக்கொள்ள வழியில்லை.

அந்தத் தெருவில் நடந்தபோது நினா சாத்து என்று போர்த்துகீசியர் எழுதி வைத்த தமிழ் வணிகர் என் நினைவை விட்டுப் போகவில்லை. 1509இல் முதன்முதலாக வந்த போர்த்துகீசியக் கப்பல்களிலிருந்து சிலர் சிறைப்பட்டபோது, அவர்களுக்கு மறைவில் உணவும் உதவியும் செய்தவர் இவர். 1511இல் ஊரைப் பிடித்த அல்புகர்க் அதற்குக் கைம்மாறாக இவரைப் பெண்டஹாரா என்னும் உயர் பதவியில் அமர்த்தினார். மூன்றே ஆண்டுகளில் அந்தப் பதவியைக் கம்பார் நாட்டு அரசருக்குக் கொடுக்கப் போர்த்துகீசியர் முடிவு செய்தார்கள். அவமானத்தைத் தாங்க மாட்டாத அவர், சந்தனக் கட்டைகளை அடுக்கி, ஊர் கூடிய இடத்தில் தாம் செய்த நன்மைகளை எடுத்துச் சொல்லிவிட்டுத் தீயில் இறங்கினார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று சொல்லலாம், நம்பி ஏமாந்தவர் என்றும் சொல்லலாம். வகுப்பறையில் நின்றிருந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருப்பேன். அந்தத் தெருவில் நின்றபோது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவர் எந்த ஊர்க்காரர், எந்தத் துறையில் கப்பல் ஏறினார், வீட்டில் அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை அறிய வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அப்படிக் கப்பல் ஏறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் காஜா பெராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டியில் வாழ்கிறார்கள். கிராப் என்னும் வாடகை வண்டி ஒன்றை அழைத்தேன். ஓட்டி வந்த தமிழ் இளைஞர், "அம்மா, அவங்க நம்ம சாமிதான் கும்பிடுவாங்க, ஆனா தமிழ் பேச மாட்டாங்க. சாப்பாட்டைக் கேட்டா விடாதீங்க" என்று இரண்டு வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித் தொழிலுக்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இந்த மலாக்கா செட்டிகள் வேறு. சுல்தான்கள் காலத்தில் காற்றுக்காகக் காத்திருந்து, இங்குள்ள பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்டவர்களின் மக்கள் இவர்கள். வணிகம் ஐரோப்பியர் கைக்குப் போன பிறகு பொற்கொல்லர்களாகவும் உழவர்களாகவும் மாறி, நகரின் நடுவிலிருந்து விலகி இங்கே குடியேறினார்கள். சாரோங் என்னும் கைலியும் கெபாயா என்னும் மேற்சட்டையும் உடை, மலாய் வழித் தாய்மொழி, சைவ நெறி. நுழைவு வளைவைத் தாண்டிச் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. உள்ளே கல்யாண நகைகள், பித்தளைக் குத்துவிளக்கு, வெற்றிலைப் பெட்டி, பழைய நிழற்படங்கள். 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலைச் சுற்றி வீடுகள். மே மாதத்தில் அம்மனுக்குப் பத்து நாள் விழா எடுக்கிறார்கள். போகியன்று முன்னோருக்குப் படையல் போடுவது இவர்களின் பெரிய சடங்கு. இறந்தவர்கள் விரும்பிச் சாப்பிட்டதை எல்லாம் சமைத்து வாழையிலைகளில் வைக்கிறார்கள். போகி பார்ச்சு என்று அதற்குப் பெயர்.

ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, உடம்பில் பூப்போட்ட கெபாயா. என்னைக் கண்டதும் கையசைத்து அழைத்து, மலாயில் ஏதோ கேட்டார். கல்லூரியில் படிக்கும் பேரன் ஆங்கிலத்திலும், பள்ளியில் நண்பர்களிடம் கற்ற கொஞ்சம் தமிழிலும் எடுத்துச் சொன்னான். எங்கிருந்து வருகிறீர்கள் என்பது முதல் கேள்வி. நாகப்பட்டினம் என்றேன். அவர் அந்தப் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "உங்கள் முன்னோர் எந்த ஊர், பாட்டி?" என்று நான் கேட்டதற்கு, கையை நீட்டி மேற்கைக் காட்டினார். பிறகு, "நாயிக் கப்பால்?" என்றார். பேரன் மொழிபெயர்க்க வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. கப்பலில் வந்தாயா என்று கேட்கிறார். இல்லை என்று நான் தலையாட்டியதும், "கப்பால் தெர்பாங்" என்று பேரன் சொல்ல, அவர் சிரித்தார். பறக்கும் கப்பல் என்று பொருள். மலாய் மொழியில் விமானத்துக்கு அதுதான் பெயர். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் என்னைக் கொண்டுவந்து இறக்கிய எந்திரத்துக்குள்ளும் நம் கப்பல் இருக்கிறது. கடை அவர்களுக்குக் கெடாய், பெட்டி பெத்தி, கோயில் குயில், வணிகத்தில் போடும் முதல் மோடால். தமிழை மறந்துவிட்டார்கள் என்று அந்த இளைஞர் வண்டியில் வருந்திச் சொன்னார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, சுற்றியிருந்த மொழியே நம் வணிகர்களின் சொற்களைப் பத்திரமாக வாங்கி வைத்திருப்பதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டி ஆவியில் வேகவைத்த தேங்காய்ப்பால் சோற்றையும் மீன் குழம்பையும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். குழம்பில் புளியும் மஞ்சளும் எங்கள் கரையின் அளவில் இருந்தன. இஞ்சிப்புல்லின் மணம் மட்டும் இந்தக் கரையுடையது.

மணி ஆறைத் தாண்டியிருந்தது. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்ததால், நீரிணைப் பள்ளிவாசலுக்குப் போகச் சொன்னேன். கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவின் ஓரத்தில் தூண்கள் மேல் நிற்கும் அந்தப் பள்ளிவாசல் 2006இல் திறக்கப்பட்டது. ஓதம் ஏறும்போது நீரில் மிதப்பது போலத் தோன்றும். காலையிலிருந்து தேடிய கடல் இங்கேதான் காலடியில் கிடைத்தது. பழுப்பு நீர், சிறு அலைகள், தொலைவில் எந்தத் துறையிலும் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும் சரக்குக் கப்பல்கள். எந்திரம் வந்த பிறகு காற்றுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் எழுந்த பின் ஆழமில்லாத இந்த ஆற்று முகத்தில் ஒதுங்க வேண்டியதும் இல்லை. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகு இந்த ஊருக்கு வருகிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். காலையில் வந்து மாலையில் போய்விடுகிறோம்.

எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும். அதைக் கிழக்கு என்று கை நீட்டிக் காட்டித்தான் எனக்கு என் அப்பா திசைகளைச் சொல்லிக்கொடுத்தார். இங்கே ஏழரை மணி அளவில் சூரியன் கடலுக்குள் இறங்கியது. பாட்டி காட்டிய அதே திசை. தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். "பேருந்து ஏறிவிட்டீர்களா, பெரியம்மா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை, கரையில் நிற்கிறேன் என்றேன்.